கார்டை மாற்றும் முன் மில்லி விநாடியைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளுக்கு விளையாட்டு டிரைவர் வெளியிடுவதை அதே மாதத்தோடு முடித்துக்கொள்வதாக என்விடியாவும் அறிவித்திருந்தது. கூடவே தீபாவளித் தள்ளுபடியும் வந்தது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்ததில், ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் வாசகர்கள் குழம்பிப்போயிருப்பது கடிதங்களில் தெரிகிறது. பழைய ஜிடிஎக்ஸ் 1060-ஐக் கழற்றிவிட்டு ஆர்டிஎக்ஸ் 5060 போட்டால், பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது படம் திணறுவது நிற்குமா என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் கேள்வி.

சிலருக்கு நிற்கும். பலருக்குத் துளிகூட மாறாது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

ஃப்ரேம் யாருக்காகக் காத்திருக்கிறது?

ஒரு ஃப்ரேம் திரைக்கு வர இரண்டு பேர் வேலையை முடிக்க வேண்டும். விமானம் இந்த நொடியில் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, காக்பிட் திரையில் என்ன எண் ஓட வேண்டும், ஓடுபாதையில் வேறு எந்த விமானங்கள் நிற்கின்றன, எந்தக் கட்டடங்களை வரைய வேண்டும் என்பதையெல்லாம் பிராசஸர் முடிவு செய்கிறது. அதன்படி படத்தை வரைவது கார்டு. கார்டு ஒரு ஃப்ரேமை வரையும்போதே பிராசஸர் அடுத்ததைத் தொடங்கிவிடும். அதனால் இருவரில் யார் மெதுவோ, அவருடைய நேரம்தான் ஃப்ரேமின் நேரம்.

கணக்கு எளிது. பிராசஸருக்கு 33 மில்லி விநாடி, கார்டுக்கு 20 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது விநாடிக்கு 30 ஃப்ரேம். இரண்டு மடங்கு வேகமான கார்டு வாங்குகிறீர்கள். 20 என்பது 10 ஆகிறது. பிராசஸர் இன்னும் 33-லேயே நிற்பதால் கிடைப்பது அதே 30 ஃப்ரேம்தான். பக்கத்தை ஆசிரியர் முடித்துக் கொடுக்காத வரை, எவ்வளவு வேகமான அச்சு இயந்திரம் வாங்கினாலும் பத்திரிகை முன்னதாக வெளிவராது.

4கே திரை வைத்திருப்பவரின் கணக்கு வேறு. அவருடைய பிராசஸருக்கு 25, கார்டுக்கு 40 மில்லி விநாடி ஆகலாம். இப்போது கிடைப்பது 25 ஃப்ரேம். இரண்டு மடங்கு வேகமான கார்டு போட்டால் 40 என்பது 20 ஆகும். உடனே பிராசஸரின் 25 குறுக்கே வந்து நிற்கும். எதிர்பார்த்தது 50, கிடைப்பது 40. லாபம்தான், ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு இல்லை.

மற்ற விளையாட்டுகளில் கார்டை மாற்றினால் பெரும்பாலும் பலன் கிடைக்கிறதே, இதில் மட்டும் ஏன் இப்படி? விமானத்தின் அடுத்த நிலையைக் கணக்கிட முந்தைய நிலை தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது கடினம். அதனால் பெரும்பகுதி ‘மெயின் த்ரெட்’ என்ற ஒற்றை வரிசையில் போய் நிற்கிறது. 2006-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் இதே சிக்கலில்தான் மாட்டியது. 2020 பதிப்பும், 2024 நவம்பரில் வந்த புதிய பதிப்பும் வேலையை முன்பைவிட நன்றாகவே பகிர்ந்துகொள்கின்றன. ஆனாலும் நிறைய கட்டடங்களும் போக்குவரத்தும் உள்ள விமான நிலையத்தில், திரைகள் நிறைந்த ஏர்பஸ் காக்பிட்டில் உட்கார்ந்தால், அந்த ஒற்றை வரிசைதான் மீண்டும் நெரிகிறது.

மென்பொருளில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2020 பதிப்புக்கு 2021 ஜூலையில், எக்ஸ்பாக்ஸ் வெளியீட்டோடு வந்த ஐந்தாவது சிம் அப்டேட், பலருடைய கணினியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் ஃப்ரேம் எண்ணிக்கையைக் கணிசமாக உயர்த்தியது.

‘பரிந்துரை’ என்றால் என்ன?

2024 பதிப்புக்குத் தயாரிப்பாளர் மூன்று பட்டியல் தருகிறார். குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 970, 16 ஜிபி ராம். பரிந்துரை ஆர்டிஎக்ஸ் 2080, 32 ஜிபி. உத்தமம் ஆர்டிஎக்ஸ் 4080, 64 ஜிபி. எந்தத் திரையில், எந்த விமானத்தில், எந்த ஊரின் மேல் எத்தனை ஃப்ரேம் வரும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடலுக்கு மேல் செஸ்னா ஓட்டுவதும் நியூயார்க்கில் ஏர்பஸ்ஸை இறக்குவதும் ஒரே சுமை அல்ல. ஆகவே ‘பரிந்துரை’ என்பதை ‘விளையாட்டு திறக்கும், ஓடும்’ என்று படிப்பதே பாதுகாப்பு. குறைந்தபட்சப் பட்டியலில் இருக்கும் அதே 970-க்குத்தான் விளையாட்டு டிரைவர் நின்றுவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டிலேயே அளக்கலாம்

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் பொது அமைப்புகளில் டெவலப்பர் மோட் இருக்கிறது. அதை இயக்கினால் மேலே ஒரு மெனுப் பட்டை வரும். அதில் ‘டிஸ்ப்ளே எஃப்பிஎஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் சிறு பெட்டி ஒன்று திறக்கும். ஃப்ரேம் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ‘லிமிடெட் பை மெயின் த்ரெட்’ என்றோ ‘லிமிடெட் பை ஜிபியு’ என்றோ எழுத்து வரும். கீழே மெயின் த்ரெட்டுக்கும் கார்டுக்கும் ஆகும் மில்லி விநாடிகள் தனித்தனியாக ஓடும். எக்ஸ்-பிளேன் 12-இலும் ஃப்ரேம் அளவைத் திரையில் வரவழைத்தால் பிராசஸர் நேரமும் கார்டு நேரமும் தனித்தனியாகக் கிடைக்கும்.

எப்போது திணறுகிறதோ அங்கேயே அளக்க வேண்டும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் விமானத்தை, வழக்கமாக இறங்கும் நிலையத்தில் நிறுத்தி, காக்பிட் உள்ளிருந்து பாருங்கள். வானத்தில் 35,000 அடியில் அளந்தால் எல்லாக் கணினியும் நல்ல கணினிதான்.

இந்தப் பெட்டி இல்லாத பழைய சிமுலேட்டர்களுக்கும் ஒரு சோதனை உண்டு. ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். கார்டின் வேலை மளமளவென்று குறையும். பிராசஸரின் வேலை அப்படியே இருக்கும். ஃப்ரேம் எண்ணிக்கை தாவினால் தடை கார்டில். அசையவில்லை என்றால் புது கார்டு வாங்கிப் பயனில்லை.

டாஸ்க் மேனேஜரில் ‘பிராசஸர் 25 சதவீதம்’ என்று பார்த்து ஏமாற வேண்டாம். எட்டு கோரில் ஒன்று மூச்சுத் திணறி, மற்றவை பெரும்பாலும் சும்மா இருந்தாலும் சராசரி அப்படித்தான் காட்டும். அந்த நேரத்தில் கார்டு 60 சதவீதத்தில் நின்றால், அது பிராசஸருக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இடையில் செருகப்படும் படங்கள்

‘புது கார்டு போட்டேன், 30 இருந்தது 60 ஆகிவிட்டது’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடிதங்களில் உள்ள குழப்பத்துக்குப் பெரும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு என்விடியா கொண்டுவந்த உத்தி ஃப்ரேம் ஜெனரேஷன். பிராசஸரும் கார்டும் சேர்ந்து உண்மையான ஃப்ரேம் ஒன்றைத் தயாரிக்கின்றன; பிறகு இன்னொன்று. முதலாவதில் இருந்த விளக்கு இரண்டாவதில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, இரண்டுக்கும் நடுவே அது எங்கே இருந்திருக்கும் என்று கணித்து, கார்டு தானாகவே ஒரு படம் வரைந்து இடையில் செருகுகிறது. இந்த இடைப்படத்துக்குப் பிராசஸரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. மெயின் த்ரெட் 33 மில்லி விநாடியில் திணறினாலும், சும்மா நிற்கும் கார்டு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். பொறியியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான தீர்வு. பிராசஸர் தடையாக இருக்கும் விளையாட்டுக்கு உதாரணமாக, அறிமுகத்தின்போது என்விடியாவே ஃப்ளைட் சிமுலேட்டரைத்தான் காட்டியது.

எனக்குக் கவலை தருவது, அந்த 60 ஃப்ரேமைச் செயல்திறன் என்று விற்பது. இடைப்படத்தில் விமானம் பறக்கவில்லை. ஸ்டிக்கை நீங்கள் இழுத்தது அதில் இல்லை, காற்றும் இல்லை. முன்னும் பின்னும் உள்ள இரண்டு படங்களின் நடுப்புள்ளி மட்டுமே இருக்கிறது. சிமுலேட்டர் இன்னமும் விநாடிக்கு 30 முறைதான் கணக்கிடுகிறது.

இன்னொரு விலையும் உண்டு. இடைப்படத்தை வரைய, அடுத்த உண்மையான ஃப்ரேம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். தயாரான அந்த ஃப்ரேமை உடனே காட்டாமல் பிடித்துவைத்து, இடைப்படத்தைக் காட்டிய பிறகே திரைக்கு விட முடியும். ஆகவே உங்கள் கை அசைவுக்கான பதில், ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாதபோது வந்ததைவிடக் குறைந்தது அரை ஃப்ரேம் நேரம் தாமதமாகும். உண்மையான ஃப்ரேம் 60 இருந்தால் இது உறைக்காது. 30-க்குக் கீழே போனால், சக்கரம் தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்கும் அந்தக் கடைசிக் கணங்களில், ஹெலிகாப்டரை ஓரிடத்தில் நிறுத்திவைக்கும்போது, கைக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு இழுவை தெரியும். படம் வழுக்கிக்கொண்டு போகும், கை பின்தங்கும். வேகத்தையும் உயரத்தையும் காட்டும் எண் நாடாக்கள் ஓடும்போது இலக்கங்கள் கலங்கித் தெரிவதையும் பலர் கவனித்திருக்கிறார்கள்.

ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 2025-இல் வந்தபோது, ஓர் உண்மையான ஃப்ரேமுக்கு மூன்று இடைப்படங்கள் வரை செருக முடிந்தது. அதே 30, திரையில் 120 ஆகிவிடும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் மேடையில், 549 டாலர் 5070 கார்டு, 1,599 டாலருக்கு அறிமுகமான 4090-இன் செயல்திறனைத் தரும் என்று என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தது இந்த இடைப்படங்களையும் சேர்த்து எண்ணித்தான். கடையில் காட்டும் வரைபடத்தில் இரண்டு பட்டைகளுக்கும் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஃப்ரேம் ஜெனரேஷனோடு எடுத்த அளவா, இல்லாமல் எடுத்த அளவா என்பது அங்கேதான் இருக்கும்.

நெடுந்தூரப் பயணிகள் விமானம் ஓட்டி, ஜன்னல் காட்சி வழுவழுப்பாக இருந்தால் போதும் என்பவருக்கு இந்த உத்தி உண்மையிலேயே பயன்படும். அவர்கூட முதலில் ‘லாஸ்லெஸ் ஸ்கேலிங்’ என்ற மலிவான மென்பொருளை முயன்று பார்க்கலாம். தரம் சற்றுக் குறைவு. ஆனால் பழைய கார்டிலும் இடைப்படம் செருகித் தரும்.

விண்டோஸ் கெடு எதைச் சொல்கிறது?

விண்டோஸ் 11-க்கு மாற கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் தடையே இல்லை, 1060 போதும். தடை பிராசஸர்தான். இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், ரைசனில் 2000 வரிசையும் அதற்கு மேலும் இருந்தால்தான் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்ளும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கும் பழைய பிராசஸர்கள்தான் மெயின் த்ரெட்டிலும் திணறுகின்றன. ஆக, ஆறாம் ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர் கார்டில் பணத்தைப் போட்டால் கெடுவும் தீராது, திணறலும் பெரும்பாலும் தீராது. அதே பணத்தைப் பிராசஸர், மதர்போர்டு, ராமில் போட்டால் இரண்டும் ஒருசேரத் தீர வாய்ப்பு அதிகம். சிமுலேட்டருக்கென்றே வாங்குபவர்கள் ஏஎம்டியின் ‘எக்ஸ்3டி’ பிராசஸர்களைத் தேடுவதற்குக் காரணம் உண்டு. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) இருக்கிறது. மெயின் த்ரெட் ராமுக்காகக் காத்து நிற்கும் நேரம் அதனால் குறைகிறது.

மற்ற கேள்விகள்

டிரைவர் நின்றால் என் 1060 வேலை செய்யாதா? செய்யும், பாதுகாப்பு அப்டேட்டுகள் 2028 அக்டோபர் வரை வரும்.

விண்டோஸ் 10-ஐ உடனே விட வேண்டுமா? வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்.

கார்டு கட்டாயம் வேண்டியவர் யார்? 4கே திரை அல்லது விஆர் கண்ணாடி வைத்திருப்பவர், கார்டின் நினைவகம் நிரம்பி வழிபவர்.

8 ஜிபி கார்டு போதுமா? 2024 பதிப்புக்கு, உயர்ந்த அமைப்புகளில் போதாது.

5060 என் பழைய மதர்போர்டில் ஓடுமா? ஓடும், ஆனால் அது எட்டு லேன் மட்டுமே பயன்படுத்துவதால் பிசிஐஇ 3.0 போர்டில், நினைவகம் நிரம்பும்போது அடி அதிகம்.

குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போட்டால்? கார்டின் சுமை குறையும். மெயின் த்ரெட் தடை அப்படியே இருக்கும்.

செலவில்லாமல் என்ன செய்யலாம்? டெரெயின் எல்ஓடி எனும் தரைக்காட்சி விவர அளவையும் விமான நிலையப் போக்குவரத்தையும் குறையுங்கள். இரண்டும் மெயின் த்ரெட்டின் சுமை.

ராம்? 16 ஜிபி இருந்தால் 32 ஆக்குங்கள், 64 அவசரமில்லை.

எஸ்எஸ்டி? விளையாட்டு சீக்கிரம் திறக்கும், ஃப்ரேம் எண்ணிக்கை உயராது.

தரை மங்கலாகத் தெரிகிறது? பெரும்பாலும் இணைய வேகம். நிலக்காட்சி இணையத்திலிருந்துதான் வருகிறது.

லேப்டாப்? கார்டைத் தனியாக மாற்ற முடியாது.

வாங்கப் போகும் முன் மூன்று எண்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: மெயின் த்ரெட்டின் மில்லி விநாடி, கார்டின் மில்லி விநாடி, கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது. மெயின் த்ரெட்டின் எண் பெரிதாக இருந்து, நினைவகமும் நிரம்பவில்லை என்றால், தள்ளுபடி எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கார்டு வாங்காதீர்கள்.