அப்ரண்டிஸ்னா எடுபிடி ஆள் இல்லை! கம்பெனிக்குள் போகும் முன்பே பேப்பரைக் கேளுங்க

சென்னை: ஐ.டி.ஐ.யில் பிட்டர், டர்னர், வெல்டர் என்று ஒரு டிரேடு முடித்த கையோடு அம்பத்தூர், கிண்டி, ஓரகடம் என கம்பெனி வாசலில் போய் நிற்கிறார்கள் பையன்கள். "அப்ரண்டிஸா சேர்ந்துக்கோ" என்றதும் வீட்டில் ஒரே சந்தோஷம். உள்ளே போன பிறகுதான் சிலருக்கு சங்கதி புரிகிறது. டீ வாங்கி வா, லோடு இறக்கு, தரையைக் கூட்டு... மெஷின் பக்கமே விடுவதில்லை!

இதைத் தட்டிக்கேட்க 1961-ம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. தகுதியான ஆளை பொறுப்பில் வைத்து, சேர்ந்த தொழிலைக் கற்றுத்தர வேண்டியது கம்பெனியின் கடமை.

முதலில் ஒப்பந்தம்

அப்ரண்டிஸுக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அது அரசிடம் பதிவாக வேண்டும். பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பெற்றோர் அல்லது கார்டியன் கையெழுத்து போடணும். இந்தப் பேப்பர் இல்லையென்றால், நாளைக்கு பிரச்சினை வரும்போது "இவன் எங்க அப்ரண்டிஸே இல்லை" என்று கைவிரித்து விடலாம்.

என்னென்ன கிடைக்கும்?

* மாதாமாதம் உதவித்தொகை. 2019-ல் திருத்திய விதியில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு குறைந்தது 7 ஆயிரம் ரூபாய் என்று வைத்தார்கள். பீஸ் ரேட் கணக்கில் கொடுக்கக்கூடாது.

* அப்ரண்டிஸ் ஆலோசகர் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது.

* பயிற்சியில் இருக்கும்போது விபத்தில் அடிபட்டால் நஷ்டஈடு தரவேண்டியது கம்பெனிதான்.

* பயிற்சி முடிந்து பரீட்சையில் பாஸானால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ்.

இதையும் தெரிஞ்சுக்கோங்க

சட்டப்படி அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை நிச்சயம் என்றும் நம்பிவிட முடியாது. அந்தந்த கம்பெனியின் கொள்கையைப் பொறுத்தது. நடுவில் நினைத்தபடி விட்டுவிட்டு வந்தாலும் சிக்கல். பயிற்சிக்கு ஆன செலவைக் கேட்க வழி இருக்கிறது.

தகராறு என்றால் அப்ரண்டிஸ் ஆலோசகரிடம் புகார் கொடுக்கலாம். அவர் ஆபீஸ் எங்கே என்று படித்த ஐ.டி.ஐ.யிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

பெற்றோரே, "என் பையனுக்கு கம்பெனியில சேர்ந்தாச்சு" என்று ஸ்வீட் வாங்கும் முன், "ஒப்பந்த காப்பி எங்கடா?" என்று ஒரு வார்த்தை கேளுங்க. இந்த ஒரு வருஷத்தில் பிடிக்கும் கைத்தொழில்தான் அவனுக்கு காலத்துக்கும் சோறு போடும்.