கருவிப் பற்றரியிலிருந்து விளக்குக்கும் தெளிகருவிக்கும் மின் பெறுதல்

கிளை வெட்டும் வாள், துறப்பணம், புல்வெட்டி முதலிய கருவிகள் பல, கழற்றி மாட்டக்கூடிய இலிதியம் பற்றரியால் இயங்குகின்றன. கருவிக்கு வேலையில்லாத வேளையில் அப்பற்றரி பயனின்றிக் கிடக்கின்றது. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, கோழிக் கொட்டிலுக்கு ஒரு சிறு விளக்கு எத்துணை அவசியமென்பதைக் கமக்காரர் நன்கு உணர்ந்தனர். வீட்டிற் செய்யத்தக்க ஓர் இணைப்பியால் இப்பற்றரியை அத்தகைய தேவைகளுக்குப் பயன்படுத்தலாம்.

முதலில் அறியவேண்டியது

இரு கம்பிகளைத் தொடுத்த மாத்திரத்தில் மின் கிடைத்துவிடும். ஆயினும் பற்றரி அளவுக்கு மீறி வற்றாது காக்கும் பகுதி, பல வகைகளிற் பற்றரியினுள் இல்லை; கருவியினுள்ளேயே இருக்கின்றது. கருவியை விலக்கி மின்னை எடுப்பவர் அக்காவலையும் விலக்கிவிடுகின்றார். மிகவும் வற்றிய இலிதியக் கலத்தை மீண்டும் மின்னேற்றும்போது உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும். ஆதலால் கருவி செய்த காவலை இணைப்பி செய்தல் வேண்டும்.

18 உவோற்றுப் பற்றரியில் ஐந்து கலங்கள் தொடராக உள்ளன. 20 உவோற்று எனக் குறிக்கப்பட்டவற்றுட் பலவும் இவ்வகையினவே. முழுதும் ஏற்றியபோது அது 21 உவோற்றைக் காட்டும். 15 உவோற்றுக்குக் கீழ் இறங்க விடலாகாது. 12 உவோற்று விளக்கை நேரே தொடுத்தால் அது பழுதாகும்.

வேண்டிய பொருட்கள்

1. அதே வகையைச் சேர்ந்த பழுதடைந்த கருவியொன்றின் பற்றரி மாட்டும் அடிப்பாகம்.
2. 5 அம்பியர் உருகியும் (பியூஸ்) அதன் கூடும்.
3. ஆளி (சுவிச்சு) ஒன்று.
4. தாழ் அழுத்தத்தில் மின்னைத் துண்டிக்கும் சாதனம்.
5. 5 அம்பியர் தாங்கும் அழுத்தங் குறைக்கும் சாதனம். கடைகளில் "பக் கொன்வேட்டர்" எனக் கேட்டு வாங்கலாம்.
6. 1 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பி, மூடியுள்ள பெட்டி, மல்ரிமீற்றர்.

செய்யும் முறை

பற்றரியின் நேர்முனையையும் மறைமுனையையும் மல்ரிமீற்றராற் கண்டு குறித்துக்கொள்க. இடையிலுள்ள சிறு முனைகள் வெப்பத்தை அறிவதற்கும் தனிக் கலங்களை அளப்பதற்கும் உரியவை. அவற்றில் எதையும் தொடுத்தலாகாது. பின்னர் பற்றரியைக் கழற்றிவைத்து, கருவியின் அடிப்பாகத்திலுள்ள முனைகளிற் கம்பிகளைப் பற்றாசிட்டு இணைக்க. பற்றரியைத் திறத்தலோ அதன் மேல் பற்றாசிடுதலோ ஒருபோதும் கூடாது.

நேர்முனைக் கம்பியில் முதலில் உருகியைப் பொருத்துக. அது பற்றரிக்கு எவ்வளவு அண்மையில் இருக்கின்றதோ அவ்வளவு நன்று; உருகிக்கு முன்னுள்ள கம்பிக்குக் காவலில்லை. அதன் பின் ஆளி, துண்டிக்கும் சாதனம், அழுத்தங் குறைக்கும் சாதனம் என்பவற்றை இம்முறையே தொடுக்க. 15 உவோற்றில் துண்டிக்கவும் 17 உவோற்றில் மீண்டும் இணையவும் சாதனத்தை அமைக்க. இவ்விடைவெளி இல்லாவிடில், துண்டித்ததும் அழுத்தம் சற்றே ஏறி, விளக்கு விட்டு விட்டு எரியும்.

எப்பொருளையும் மாட்டுமுன் வெளியீட்டை அளந்து 12 உவோற்றாகத் திருத்துக. முதல் முறை விளக்கெரியும்போது அருகிலிருந்து, 15 உவோற்றில் மின் உண்மையாகவே துண்டிக்கப்படுகின்றதா எனப் பார்த்தல் இன்றியமையாதது. துண்டிக்காவிடில் அவ்விணைப்பியைப் பயன்படுத்தலாகாது.

பயன்படும் அளவு

18 உவோற்று, 4 அம்பியர் மணிப் பற்றரியில் 72 உவாற்று மணி உண்டு. இழப்பும் மிச்சமும் போக அதில் முக்காற்பங்கை, அதாவது 54 உவாற்று மணியைக் கணக்கிற் கொள்க. 10 உவாற்று எல்.ஈ.டி. விளக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் எரியும். முதுகிற் சுமக்கும் 12 உவோற்றுத் தெளிகருவியின் பம்பி 3 அம்பியர் எடுப்பின், ஒன்றரை மணி நேரம் இயங்கும். அதன் சொந்தப் பற்றரியைக் கழற்றிய பின்னரே இதனைத் தொடுக்க. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் குஞ்சுகளுக்கு வெப்பமூட்டுதற்கும் இது போதாது.

எச்சரிக்கை

- இணைப்பியின் வழியாக மின்னேற்றலாகாது. பற்றரிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துக.
- 15 உவோற்றுக்கு மிகவும் கீழே இறங்கிய பற்றரியை மீண்டும் ஏற்ற முயலாது விலக்குக.
- உருகி எரிந்தால் காரணத்தைக் கண்டு நீக்குக. உருகிக்குப் பதிலாகக் கம்பி கட்டுதல் தீயை அழைப்பதாகும்.
- வைக்கோல், உரச்சாக்கு, எண்ணெய் என்பவற்றின் அருகில் வைத்தலாகாது. மழையும் தெளிமருந்தும் படவிடலாகாது.
- வேலை முடிந்ததும் பற்றரியைக் கழற்றிவிடுக.
- வீங்கிய, கீழே விழுந்து வெடித்த, கைபொறாச் சூடுள்ள பற்றரியைப் பயன்படுத்தலாகாது. புகை கண்டால் ஆட்களையும் கால்நடைகளையும் உடனே அப்புறப்படுத்துக.

விளக்கு எரிகின்றது என்பதைக்கொண்டு இணைப்பி சரியென முடிவுசெய்தல் தவறு. உரிய நேரத்தில் அது தானே அணையுமாயின் அதுவே நல்ல இணைப்பி.