ஒரே லிங்க்கில் 200 ஆதார் கார்டுகள்: ஆன்லைன் ஆவணங்களை யார் பார்க்கலாம் என்பதை முடிவு செய்வது எப்படி?

வாடகை வீடு, பள்ளி அட்மிஷன், புது வேலை என எதுவானாலும் முதலில் கேட்பது ஆதார், பான் கார்டு, வங்கி விவரம். முன்பு ஜெராக்ஸ் கொடுத்தோம். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு லிங்க் வருகிறது: "எல்லாரும் இதுல அப்லோட் பண்ணிடுங்க." நாமும் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்த ஃபோல்டரை இன்னும் யாரெல்லாம் திறக்கலாம்? இதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதைத்தான் 'ஆக்சஸ் பாலிசி' என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் அதற்குள் இருப்பது மூன்றே கேள்விகள். யார் பார்க்கலாம்? என்ன செய்யலாம்? எதுவரை?

லிங்க்கில் என்ன சிக்கல்?

200 வீடுகள் உள்ள ஒரு அபார்ட்மென்ட்டை வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர்களின் ஆதார் நகல்களைச் சேகரிக்க, சங்கச் செயலாளர் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் திறக்கிறார். எல்லோரும் அப்லோட் செய்ய வேண்டுமே என்று, 'லிங்க் உள்ள எவரும்' என்பதைத் தேர்வு செய்து, 'எடிட்டர்' அனுமதியும் கொடுத்துவிடுகிறார்.

அப்லோட் செய்ய எடிட்டர் அனுமதி வேண்டும்தான். ஆனால் எடிட்டருக்கு உள்ளே இருக்கும் எல்லாமே தெரியும். ஆக, 200 குடும்பங்களும் மற்ற 199 குடும்பங்களின் ஆதாரைப் பார்க்கலாம், டவுன்லோட் செய்யலாம். லிங்க்கை யாராவது வெளியே ஃபார்வர்டு செய்தால், அது கிடைத்த எவரும் அதே வேலையைச் செய்யலாம். யாரும் எதையும் 'ஹேக்' செய்யத் தேவையில்லை. கதவே திறந்துதான் இருக்கிறது.

பாஸ்வேர்டு இருக்கிறதே, போதாதா?

ஆதார் இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்யும் இ-ஆதார் பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு உண்டு. உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், அதோடு பிறந்த ஆண்டு. அதே ஃபோல்டரில் பெயரும் பிறந்த தேதியும் உள்ள ஒரு எக்செல் ஷீட் இருந்தால், பூட்டையும் சாவியையும் சேர்த்தே வைத்த மாதிரிதான்.

சரியாக அமைப்பது எப்படி?

* 'ரெஸ்ட்ரிக்டட்' என மாற்றுங்கள். இப்படிச் செய்தால், நீங்கள் சேர்த்த இமெயில் முகவரிக்காரர்கள் மட்டுமே திறக்க முடியும்.

* சேகரிக்கும் இடமும் பார்க்கும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். கூகுள் ஃபார்ம்ஸில் ஃபைல் அப்லோட் வசதி உண்டு. அனுப்புபவர் கூகுள் கணக்கில் லாகின் செய்திருக்க வேண்டும். ஃபைல் நேராக ஃபார்ம் உருவாக்கியவரின் டிரைவுக்குப் போய்விடும். ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் பார்க்க முடியாது, அந்த டிரைவ் ஃபோல்டரை நீங்களே ஷேர் செய்யாதவரை.

* தேவைக்கு மேல் அனுமதி கொடுக்காதீர்கள். படித்தால் போதும் என்பவருக்கு 'வியூவர்'. கருத்துச் சொல்ல வேண்டியவருக்கு 'கமென்ட்டர்'. திருத்த வேண்டியவருக்கு மட்டும் 'எடிட்டர்'. எடிட்டர்கள் மற்றவர்களுக்கும் ஷேர் செய்யும் வசதி தானாகவே ஆனில் இருக்கும். செட்டிங்ஸில் போய் அணைத்துவிடுங்கள்.

* ஃபோல்டரில் கவனம் தேவை. ஃபோல்டருக்குக் கொடுக்கும் அனுமதி உள்ளே இருக்கும் ஃபைல்களுக்கும் போகும். நாளை புதிதாகப் போடும் ஃபைலுக்கும் சேர்த்துத்தான்.

* ஆள் மாறினால் அனுமதியும் மாற வேண்டும். பழைய செயலாளரின் சொந்த ஜிமெயிலில் ஃபோல்டர் இருந்தால், பதவி போனாலும் ஆவணங்கள் அவரிடமே இருக்கும். சங்கத்துக்கென்று தனிக் கணக்கு வைப்பது நல்லது.

எல்லாம் முடிந்ததும், பிரவுசரின் இன்காக்னிட்டோ பக்கத்தில், லாகின் செய்யாமல் அந்த லிங்க்கைத் திறந்து பாருங்கள். ஃபைல் திறந்தால், ஊருக்கே திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

டவுன்லோட், பிரின்ட், காப்பி ஆகியவற்றைத் தடுக்கவும் வசதி உண்டு. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டையோ, இன்னொரு போனில் போட்டோ எடுப்பதையோ அது தடுக்காது. எனவே யாருக்குக் காட்டுகிறோம் என்பதுதான் முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களின் தகவலைத் திரட்டுபவர்கள் அதற்கு நியாயமான பாதுகாப்பு தர வேண்டும். தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காக வைத்திருக்கும் தகவலுக்கு இது பொருந்தாது.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. யார் அணுகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். யார் அணுகினார்கள் என்ற பதிவு இருக்க வேண்டும். அந்தப் பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இவற்றுக்குத் தயாராக 18 மாத அவகாசம் அறிவிக்கப்பட்டது. தகவலை வாங்கிய நோக்கம் முடிந்ததும், வேறு சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லை என்றால், அழித்துவிட வேண்டும் என்கிறது மூலச் சட்டம்.

ஆவணம் கொடுப்பவர் என்ன செய்யலாம்?

முழு எண் தேவையில்லாத இடத்தில் 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்கள். அதில் கடைசி 4 இலக்கங்கள் மட்டுமே தெரியும். ஆதார் இணையதளத்திலேயே டவுன்லோட் செய்யலாம்.

அப்லோட் செய்யும் முன் ஒரு நொடி கவனியுங்கள். லிங்க்கைத் திறந்ததும் மற்றவர்களின் ஆவணங்கள் உங்கள் கண்ணில் படுகிறதா? அப்படியென்றால் உங்களுடையதும் அவர்கள் கண்ணில் படும். அப்லோட் செய்வதை நிறுத்திவிட்டு, லிங்க் அனுப்பியவரிடம் சொல்லுங்கள். செட்டிங்கை மாற்ற அவருக்கு இரண்டு நிமிடம் போதும். வெளியே போன ஆதார் நகலைத் திரும்பப் பெற வழியே இல்லை.