கொடிகாமம் சந்தி: இரண்டு கடலுக்கு நடுவே

நீங்கள் நிற்பது ஏ-9 வீதியில், தென்மராட்சியின் நடுவில். 1990இல் நின்றுபோன வடபகுதி ரயில் 2014இல்தான் மீண்டும் இவ்வூர் வழியே ஓடத் தொடங்கியது.

முதலில் சந்தைக்குள் போங்கள். மாம்பழக் காலத்தில் கறுத்தக்கொழும்பான் குவிந்திருக்கும். தோலில் பச்சை மாறாவிட்டாலும் உள்ளே சதை செம்மஞ்சள்; காம்படியில் முகர்ந்து பார்த்து எடுங்கள். தென்மராட்சிப் பலாப்பழமும், பனையோலைக் கடகமும், ஒடியலும் இங்கே வாங்கலாம்.

தெற்கே கச்சாய் வீதி நீரேரிக்கரையில் முடிகிறது. ஆழமில்லாத, அமைதியான நீர். மீன்பிடிப் படகுகளைப் பார்க்கக் காலையிலேயே போவது நல்லது.

வடக்கே பருத்தித்துறை வீதி வரணியைத் தாண்டிச் செல்கிறது. அந்தப் பக்கத்தில் வல்லிபுர ஆழ்வார் கோயில். 1936இல் பிராமி எழுத்துப் பொறித்த பொற்தகடு கிடைத்த ஊர் வல்லிபுரம். அதற்கும் அப்பால் மணற்காடு. குடாநாட்டில் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரம் உண்டென்றால் இதைப் பாருங்கள். காற்று குவித்த வெண்மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலுக்குள் புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள். மேட்டில் ஏறினால் கடல் தெரியும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனது.

மேடுகளில் மணல் அள்ளாதீர்கள். தேவாலயச் சுவர்களில் ஏறாதீர்கள். தண்ணீர்ப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.