அலங்காரமும் விண்ணப்பமும்

வேலை தேடிப் பெங்களூர் வரும் நம் இளைஞர் சிலர், தன்விவரக் குறிப்பை வண்ண ஓவியம் போலத் தீட்டுகின்றனர். இரு பத்திகள், புகைப்படம், திறமையை அளந்து காட்டும் நட்சத்திரங்கள்! இவற்றால் பயன் உண்டா?

2022ஆம் ஆண்டு ஜூலையில் இந்நகரில் ஓர் இளைஞர் சொமாட்டோ ஊழியரின் உடையணிந்து, கேக் பெட்டிக்குள் தம் குறிப்பை வைத்துப் புதிய நிறுவனங்களுக்குக் கொண்டு சென்றார். ஊரே அதைப் பேசிற்று. எண்ணத்தைப் பாராட்டிய சொமாட்டோ, வேடம் பூண்டதை மட்டும் விரும்பவில்லை. கவனத்தைப் பெறுவது வேறு. நம்பிக்கையைப் பெறுவது வேறு.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் கணிப்பொறியே பிரித்துப் படிக்கிறது. அது சொற்களைத் தேடுமேயன்றி அழகை வியக்காது. இரு பத்திகளாயின் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். படத்துள் பொறித்த படிப்பும் அனுபவமும் அதற்குப் புலப்படாமலே போகலாம். கடன்பட்டுப் படிக்க வைத்த பெற்றோரின் பிள்ளை, தகுதியிருந்தும் வாயிலிலேயே நிற்க நேர்வது எத்துணைக் கொடுமை!

வடிவமைப்புத் துறையை நாடுவோர்க்கு ஓவியத்திறன் வேண்டியதே. அவர்களும் குறிப்பை எளிமையாக எழுதி, படைப்புகளைத் தனித் தொகுப்பாக இணைத்தல் நன்று.

1482ஆம் ஆண்டளவில், மிலான் ஆட்சியாளரிடம் வேலை கோரி ஆயத்தம் செய்த மடலில், லியோனார்டோ டா வின்சி பாலமும் போர்க்கருவியும் அமைக்கும் தம் ஆற்றலை வரிசையாக எண்ணிட்டுரைத்தார். ஓவியத்தை இறுதியிலேயே குறித்தார். கேட்பவரின் தேவையை அம்மாபெரும் ஓவியர் அறிந்திருந்தார். நம் பிள்ளைகளும் அதை அறிவாராக.