ஆங்கிலம் தெரியாத தகப்பனாரும் உதவலாம்

பரீட்சை நெருங்கினால் பெங்களூர் ஸ்ரீராமபுரம், அல்சூர் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் என்றாலே நடுக்கம். இலக்கணத்தை மனப்பாடம் செய்தவர்களும், பாடநூலில் இல்லாத பத்தியைக் கண்டால் விழிக்கிறார்கள்.

தென் மாநில ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் போதனையில் பயிற்சி தர வட்டார ஆங்கில நிறுவனம் 1963-ல் இந்நகரில்தான் தொடங்கப்பட்டது. ஆசிரியர் சொல்லித் தருவதை வீட்டிலும் பழக வேண்டுமல்லவா?

தினம் ஒரு பத்தியைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். "யார்? எங்கே? ஏன்?" என்று தகப்பனார் தமிழில் கேட்கட்டும். விடையுள்ள வரியை விரலால் காட்டச் சொல்லட்டும். திணறினால் மறுபடி படிக்கட்டும்.

பிறகு ஆங்கிலத்தில் எழுதலாம். கேள்வியில் 'டிட்' உடன் 'கோ' வரும். பதிலில் 'டிட்' போய் 'வென்ட்' வரும். 'டிட் வென்ட்' என்றால் பிழை.

ஷிப்டு முடிந்து வருபவருக்கும் இதற்குக் கால்மணி நேரம் கிடைக்காதா?