மாற்றுச் சில்லும் மயிரளவு இடைவெளியும்

அண்மையில் பாதி வழியில் காரின் டயர் பஞ்சராகிவிட்டது. மாற்றுச் சில்லை எடுத்துப் போட்டேன். கால் மணித்தியால வேலை. பக்கத்தில் நின்ற மகனிடம், "இது லேசான விசயமில்ல மகன்" என்றேன். "எல்லாச் சில்லும் எல்லாப் பக்கத்துக்கும் சரிவரும்தானே வாப்பா, இதுல என்ன புதினம்?" என்றான். சரிவர வைப்பதற்கு ஒரு தலைமுறை பாடுபட்டது என்பதுதான் புதினம்.

ஆரம்பகால மோட்டார் காரின் சில்லு வண்டிச் சில்லின் வாரிசு. ஆர்க்காலும் வட்டையும் பெரும்பாலும் மரம். அச்சோடு இருந்த சில்லை வழியில் எவரும் மாற்றுவதில்லை. டயரை மட்டும் அங்கேயே கழற்றி ஒட்டுப்போட வேண்டும். சில்லும் அச்சும் பொருந்தாவிட்டால் பட்டறைக்காரர் அரத்தால் ராவிப் பொருத்துவார். அந்தச் சில்லு அந்த அச்சுக்கு மட்டுமே சொந்தம்.

1904 இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் 'ஸ்டெப்னி' சில்லு வந்தது. ஆர்க்கால் இல்லாத இந்த வளையத்தைப் பஞ்சரான சில்லின் விளிம்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடலாம். இந்தியாவில் இன்றும் மாற்றுச் சில்லுக்கு ஸ்டெப்னி என்றே பெயர். ஆனால் அது அச்சைத் தொடவேயில்லை. பொருத்தம் என்ற சிக்கலைச் சுற்றிப் போனது, அவ்வளவுதான்.

அந்தச் சிக்கலுக்கு நேரே முகம் கொடுத்தது கொவென்றியின் ரட்ஜ்-விட்வர்த் கம்பனி. அதன் கம்பிச் சில்லை நடுவிலுள்ள ஒரே நட்டைக் கழற்றி உருவி எடுக்கலாம். இதனால் கிடைக்கும் நேர இலாபம் பெரிது. 1908 பிரெஞ்சு கிரான்ட் பிரீ ஓட்டப் போட்டியில் இத்தகைய சில்லுகளுக்கு அனுமதியே கொடுக்கவில்லை.

இங்கேதான் அளவுப் பிரச்சினை தொடங்குகிறது. மாற்றுச் சில்லைச் செய்பவருக்கு அது நான்கில் எந்த அச்சில் ஏறும் என்று தெரியாது. ராவிப் பொருத்த வழியில்லை. எந்த இயந்திரமும் இரண்டு துண்டுகளை அச்சொட்டாக ஒரே அளவில் வெட்டாது. ஆகவே 'இவ்வளவு பிழை போகலாம்' என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதைத்தான் டொலரன்ஸ், தமிழில் பொறுதி என்கிறோம்.

உதாரணத்துக்கு, துளை 1.000 அங்குலத்திலிருந்து 1.001 வரை இருக்கலாம், தண்டு 0.998 இலிருந்து 0.999 வரை இருக்கலாம் என்று வைப்போம். எந்தத் தண்டை எந்தத் துளையில் போட்டாலும் இடைவெளி 0.001 க்குக் குறையாது, 0.003 ஐத் தாண்டாது. சோதிக்க அளவுகோல் வேண்டாம். இரண்டு முனையுள்ள ஒரு கட்டை போதும்: 1.000 முனை துளைக்குள் போகவேண்டும், 1.001 முனை போகக்கூடாது.

இடைவெளி குறைந்தால் நடுவீதியில் சில்லு கழராது. கூடினால் ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் பற்கள் முட்டித் தேயும். கடைசியில் உயிருக்கே ஆபத்து. ரட்ஜ் சில்லு இதற்கு வேலையைப் பங்குபோட்டது. குடத்தின் பற்கள் சுழற்றும் விசையை மட்டும் தாங்கின. உருவி எடுக்க வசதியாக அவற்றில் சொற்பம் இடம் விட்டார்கள். சில்லை நடுவில் நிறுத்தியது கூம்பு வடிவ முகங்கள். நட்டை இறுக்க இறுக்கக் கூம்பு உள்ளே போய்த் தானாகவே இடைவெளியைத் தின்றுவிடும்.

அதே 1908 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் மூன்று கடிலக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் பூட்டி 500 மைல் ஓட்டினார்கள். அரத்துக்கு அங்கு வேலையிருக்கவில்லை. கடிலக்குக்கு டூவர் கிண்ணம் கிடைத்தது.

எல்லாவற்றையும் நுணுக்கமாகச் செய்தால் விலை ஏறி எவரும் வாங்கமாட்டார்கள். எங்கே இறுக்கிப் பிடிப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்று தெரிவதுதான் அந்தக் கலை. "அப்போ பிழை விடலாம் எண்டுதான் சட்டம் போட்டிருக்காங்க" என்றான் மகன். ஓம், எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான்.